பாக்கியலெட்சுமி கட்டிவிட்ட பூ

தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனில், தொழிலாளர் வரிசை வீடுகளான ஆறாம் லயத்தில், பாக்கியலெட்சுமி வகித்துவந்த பதவிக்கு இதுவரை யாரும் பெயர் வைக்கவில்லை. மாமியார் அன்னலட்சுமி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது அடுப்படி, தண்ணீர்ப் பீப்பாய், கோழிக்கூடு, இளைய மகன் தினேஸ் ஆகிய இலாகாக்களை மூத்த மருமகளிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். பதவிப் பிரமாணம் எதுவும் நடக்கவில்லை. வேனில் ஏறும்போது, "அந்தக் கறுப்புக் கோழி அடைக்கு ஒக்காரப் போவுது, பாத்துக்க" என்றார். அதிகாரம் கைமாறிவிட்டது.

பாக்கியம் ஆட்சியை நன்றாகவே நடத்தினாள். விடிந்ததும், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று பேர் கொடுப்பாள். மலையில் கொழுந்து எடுப்பாள். மத்தியானம் வீட்டுக்கு ஓடிவந்து உலை வைப்பாள். புருஷன் அழகர் வெலிமடையில் உருளைக்கிழங்கு லொறிக்கு மூட்டை ஏற்றுகிறவர். ஞாயிற்றுக்கிழமை வருவார், வந்தால் தூங்குவார். அவர் தூங்கும் நேரத்தில் லயத்துப் பிள்ளைகள் வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்பில் பந்தடிக்காமல் பார்த்துக்கொள்வதும் பாக்கியத்தின் இலாகாதான்.

அவள்மேல் லயத்துக்கு ஒரே ஒரு குறை. அதைப் பெருந்தன்மையோடு அவள் இல்லாத இடத்தில் மட்டுமே பேசினார்கள். அவளுக்குப் பிள்ளை இல்லை.

இல்லை என்பது லயத்தின் அதிகாரபூர்வமான நிலைப்பாடு. உண்மையில் ஒரு பிள்ளை பிறந்தது. ஒரு பகல் இருந்தது, போய்விட்டது. பெயர் வைக்கும் வரைக்கும் தங்காத பிள்ளையைப் பிள்ளை என்று சேர்க்கும் வழக்கம் அங்கே கிடையாது. அதைப் பற்றி வீட்டில் வாய் திறக்கக் கூடாது, திறந்தால் பிற கர்ப்பங்களுக்கு ஆகாது என்று அன்னலட்சுமி ஒரு சட்டம் கொண்டுவந்தார். அப்போது வீட்டில் வேறு கர்ப்பம் எதுவும் இருக்கவில்லை. தொலைநோக்கோடு போடப்பட்ட சட்டம் அது.

முதல் பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்குப் போவது முறை. பாக்கியத்தின் தாய் வீடு மீரியபெத்தவில் இருந்தது. மலை சரிந்து வந்த அந்தக் காலையில் வீடும் தாயும் மண்ணுக்கு அடியில் போய், அவளுக்குப் பிரசவ வலி வந்த வருஷம் இரண்டும் அங்கேயேதான் இருந்தன. ஆகவே முறையை இந்த ஒரு தடவை தளர்த்தலாம் என்று மாமியார் அனுமதி கொடுத்தார். பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த பிறகு, பாக்கியத்தின் மார்பு இறுகி அவள் சுவரில் தலையை முட்டிக்கொண்டு கிடந்தபோது, பதுளையிலிருந்து மல்லிகைப்பூ வாங்கிவரச் சொல்லி மார்பில் வைத்துக் கட்டியவரும் மாமியார்தான். "வலி போயிரும், அசையாமப் படு" என்றார். வலி போனது. பிறகு பாலும் போனது. பிள்ளை போனால் பால் போகும், அதிலென்ன என்று பாக்கியம் நினைத்துக்கொண்டாள். எழுந்து, தலைக்குக் குளித்து, கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனாள்.

இது நடந்து பல வருஷம் கழித்து தினேஸ் கல்யாணம் கட்டினான்.

தினேஸ் பதுளை டவுனில் சிதம்பரநாதன் முதலாளியின் பூசைச் சாமான் கடையில் நிற்கிறவன். எதிர்த்த துணிக்கடையில் நின்ற விதுஷா கற்பூரம் வாங்கும் சாக்கில் அடிக்கடி வந்தாள். அவ்வளவு கற்பூரம் எந்தச் சாமிக்கு என்று முதலாளி ஒருநாள் கேட்டார். கேள்வி கல்யாணத்தில் முடிந்தது. விதுஷா மேல் டிவிசனுக்கு வந்தாள். வந்த வருஷமே முழுகாமல் இருந்தாள். அவளுடைய அம்மா ஜோர்தானில் சட்டை தைக்கிற பக்டரியில் இருந்தார். சம்பந்தியம்மாக்கள் இருவரும் அந்நிய நாடுகளின் சட்டைகளையும் சாப்பாட்டையும் கவனித்துக்கொண்டிருந்தபடியால், விதுஷாவின் பிரசவம் என்கிற இலாகாவும் பாக்கியத்தின் தலையில் வந்து சேர்ந்தது.

பாக்கியம் அந்த மாதங்களில் நடந்த நடையைப் பார்த்தவர்கள், பிள்ளை யாருக்குப் பிறக்கப் போகிறது என்று குழம்பியிருப்பார்கள். மிளகையும் சுக்கையும் முன்கூட்டியே இடித்து வைத்தாள். பழைய வேட்டியைக் கிழித்து, கொதிநீரில் போட்டு, காயவைத்து, மடித்து, பிறகு மடிப்பு சரியில்லை என்று திரும்பவும் மடித்தாள். "ஒங்களுக்குத்தான் என்னையவிட பயம்" என்று விதுஷா சிரித்தாள். "பயமா? எனக்கா? போடி" என்றாள் பாக்கியம்.

ஆண் பிள்ளை. அழகான அழுகை. ஆஸ்பத்திரியில் தாதி அம்மா நல்ல மனுஷி. ஆனால் வார்ட்டில் கட்டிலுக்குக் கட்டில் தாய்மார். அவர் விதுஷாவின் பக்கத்தில் நின்று சிங்களத்தில் நிறையச் சொன்னார், கையால் காட்டினார், அடுத்த கட்டிலுக்குப் போனார். விதுஷா "ஹரி மிஸ், ஹரி மிஸ்" என்று எல்லாவற்றுக்கும் சரி சொல்லித் தலையாட்டினாள். துணைக்கு இருந்த பாக்கியம் மொழிபெயர்ப்பாளர் பொறுப்பை ஏற்று, அத்தனையையும் ஒரே வரியில் சுருக்கித் தந்தாள்: "பால் குடுக்கச் சொல்றாங்க."

பால் கொடுக்க வேண்டும் என்பது விதுஷாவுக்கே தெரியும். எப்படி என்பதுதான் தெரியவில்லை. பிள்ளை நுனியை மட்டும் கவ்வினான், விட்டான், முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவளுக்கு வியர்த்தது. பேச்சுவார்த்தை முறிந்த நிலையில் மூவரும் வீடு வந்து சேர்ந்தார்கள்.

மறுநாள் விதுஷாவின் மார்பு கல்லாகிவிட்டது. பாக்கியம் தொட்டுப் பார்த்துவிட்டு, அம்மியில் கை வைத்தவள்போல் கையை எடுத்துக்கொண்டாள். சட்டை ஓரம் பட்டாலே விதுஷா அலறினாள். பால் உள்ளே இருந்தது, பிள்ளை வெளியே இருந்தான், நடுவில் வழியில்லை. இறுகிப்போன இடத்தில் அவனுடைய சின்ன வாய்க்குப் பிடி கிடைக்கவில்லை. வழுக்கினான், தேடினான், வீரிட்டான். ஒருமுறை எப்படியோ பிடித்தான். காம்பு வெடித்து ரத்தம் வந்தது. தாயும் பிள்ளையும் சேர்ந்து அழுதார்கள்.

லயத்தில் அழுகைக்குச் சுவர் கிடையாது. மாலைக்குள் இஸ்தோப்பில் நிபுணர் குழு கூடிவிட்டது. பக்கத்துக் காம்பரா வீட்டுக் கனகமணி தலைமை தாங்கினார். ஆறு பெற்று ஆறையும் வளர்த்தவர் என்பதால் அவருடைய தலைமைக்குப் போட்டி இல்லை.

"பால் பத்தல. அதான் புள்ள கத்துறான்" என்றார் தலைவர்.

"பத்தாம எங்க? பால் மிஞ்சிப் போச்சு, அதான் கட்டிக்கிச்சு" என்றது எதிர்த்தரப்பு.

பால் குறைவு என்ற தரப்பும், பால் அதிகம் என்ற தரப்பும் கடைசியில் ஒரே முருங்கைக்கீரையைத்தான் சிபாரிசு செய்தன. வெள்ளைப்பூண்டைச் சுட்டுத் தின்னச் சொன்னார்கள். சுறாக் கருவாடு வறுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். தண்ணீர் மட்டும் குடிக்கவே கூடாது, வயிறு போட்டுவிடும் என்பதில் சபை ஏகமனதாக இருந்தது. தொண்டை காய்ந்து கிடந்த விதுஷாவின் கருத்து கேட்கப்படவில்லை.

"யாரோ கண்ணு வச்சிருக்காங்க" என்று கனகமணி குரலைத் தாழ்த்தினார். தாழ்த்திய குரல் அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த பாக்கியத்துக்குத் தெளிவாகக் கேட்டது. அதற்காகத்தான் தாழ்த்தினார்.

பாக்கியம் தேத்தண்ணியைக் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தாள். உள்ளே போய் விதுஷாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு அந்த வலி தெரியும். அந்தக் குழுவில் ஒருவருக்கும் தெரியாத ஒரு மருந்தும் தெரியும்.

காலையில் வேலைக்குக் கிளம்பிய தினேஸைக் கோழிக்கூட்டுப் பக்கம் கூப்பிட்டாள்.

"தினேசு, கடையில மல்லியப்பூ இருக்குமா?"

"இருக்கும் அண்ணி. எதுக்கு, சாமிக்கா?"

"சாமிக்கு இல்ல. வித்து மிஞ்சினதக் கொண்டு வா. முதலாளிகிட்ட வீட்டுக்குன்னு சொல்லு."

"பூவ வச்சு என்னா அண்ணி பண்ணப் போறீங்க?"

"பொம்பள விசயம்."

பொம்பளை விசயம் என்று சொன்ன பிறகு ஆண்பிள்ளை மேற்கொண்டு கேட்பதில்லை என்பது லயத்தின் அரசியலமைப்பு. தினேஸ் அரசியலமைப்பை மதித்துப் பஸ் ஏறினான்.

மேல் டிவிசனில் மல்லிகை வளராது. பனி விடாது. ஆகவே அந்தப் பூவை எதற்கெல்லாம் வைப்பார்கள் என்று அங்கே யாருக்கும் சரியாகத் தெரியாது. கொண்டைக்கும் கோயிலுக்கும் என்பதோடு அறிவு நின்றுவிடும். மார்பில் கட்டுகிற காரியம், அது தேவைப்பட்டவளும் கட்டிவிட்டவரும் மட்டும் அறிந்த காரியம். தேவைப்பட்டவள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. சட்டமும் இருக்கிறது.

பாக்கியம் சரத்திலிருந்து பூவை உருவி, வேட்டித் துணியில் பரப்பி, விதுஷாவின் மார்பில் வைத்துப் பதமாகக் கட்டினாள். கதவைச் சாத்திவிட்டுத்தான் செய்தாள், கண்ணூறுக்குப் பயம்.

"குளுகுளுன்னு இருக்கு அக்கா" என்றாள் விதுஷா. கண்ணை மூடிக்கொண்டு, "இது யாரு ஒங்களுக்குச் சொல்லித் தந்தா?" என்றாள்.

"எனக்குத் தெரியும்."

"எப்புடித் தெரியும்?"

"பேசாமப் படு. கல்லு கரையட்டும். அதுவரைக்கும் புள்ளய மாருல போடாத, வெடிச்ச எடம் ஆறட்டும். நான் அவனப் பாத்துக்குறேன்."

பார்த்துக்கொண்டாள். சீனித் தண்ணீரைப் பஞ்சில் நனைத்து அவன் நாக்கில் வைத்தாள். அவன் அதையும் பால் என்று நம்பிச் சப்பினான். தினமும் தினேஸ் பூ கொண்டுவந்தான், தினமும் அவள் புதிதாகக் கட்டினாள்.

வாசனையை மட்டும் கதவு சாத்தி மறைக்க முடியவில்லை. குழாயடியில் அவசரக் கூட்டம் நடந்தது.

"ஏய் பாக்கியம், ஒன் கொழுந்தன் டெய்லி மல்லியப்பூ வாங்கிட்டு வாரானாமே!" என்றார் கனகமணி. "புள்ள பெத்த தொடக்கே இன்னும் கழியல. அதுக்குள்ள அவனுக்கு என்னடி அவசரம்?"

குழாயடி கொல்லென்று சிரித்தது.

"ஒங்க வீட்டுக்காரரு ஆறு புள்ளைக்கு ஒரு மொழம் பூவாவது வாங்கியாந்தாரா கனகக்கா? அந்த வயித்தெரிச்சல்தான ஒங்களுக்கு?" என்றாள் பாக்கியம்.

"அவரு எங்க பூ வாங்குனாரு? வேட்டியவே நான்தான் வாங்கிக் குடுத்தேன்!"

பாக்கியமும் சிரித்தாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தபடியே நடந்தாள். வெகு நாளைக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்தாள் என்று பிறகு சாட்சிகள் சொன்னார்கள். அதுவும் அவளுக்கு எதிராகவே பதிவானது.

பூ வேலை செய்தது. கல் கரைந்தது. விதுஷா தானாக எழுந்து முகம் கழுவினாள். வெடிப்பு ஆறியிருந்தது. பாக்கியம் பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். மிருதுவாகிவிட்ட மார்பை அவன் முதல் தடவையிலேயே வாய் நிறையப் பிடித்தான். பிடித்தவன் விடவில்லை. அவன் தாடை ஏறி இறங்குவதை இருவரும் மூச்சு விடாமல் பார்த்தார்கள்.

"அக்கா, வலிக்கல! அக்கா, குடிக்கிறான்!"

"நான் சொன்னேன்ல?" என்றாள் பாக்கியம். அவள் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டதற்கு அடுப்புப் புகை காரணம் என்று கொள்ளப்பட்டது. அடுப்பு அப்போது எரியவில்லை.

அவன் குடித்தான். குடித்துவிட்டு அழுதான். திரும்பவும் போட்டார்கள், திரும்பவும் உறிஞ்சினான், திரும்பவும் அழுதான். நிபுணர் குழு மீண்டும் கூடி இது வயிற்று வலி என்று கண்டுபிடித்தது, ஓமத்தண்ணீர் கொடுக்கப்பட்டது. மறுநாள் அழுகை குறைந்தது. ஓமம் வென்றது என்று குழு தன்னைப் பாராட்டிக்கொண்டது. பிள்ளை தூங்கிக்கொண்டே இருந்தான். எழுப்பினாலும் தூங்கினான். துணி மாற்றும் வேலை பாக்கியத்துக்கு மெல்ல மெல்லக் குறைந்துவிட்டது. மாற்றுவதற்கு நனைந்தால்தானே.

வீடு வீடாகத் தாயையும் பிள்ளையையும் பார்க்கும் மிட்வைப் றமீலா மிஸ் வந்தபோது உச்சி வெயில். பதுளையிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவர், நேராகப் பேசுகிறவர். பிள்ளையைத் தராசுத் துணியில் போட்டுத் தூக்கினார். முள்ளைப் பார்த்தார். பிள்ளையை இறக்கி, மறுபடி தூக்கிப் பார்த்தார்.

"பொறந்த எடையிலருந்து எறங்கிக்கிட்டே போயிருக்கு. என்னம்மா இது? பால் குடுக்குறியா?"

"குடுக்குறேன் மிஸ். நாள் முழுக்கக் குடுக்குறேன்."

றமீலா மிஸ் அவள் மார்பை அழுத்திப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. இன்னும் ஒருமுறை பார்த்தார். ஒரு துளி எட்டிப் பார்த்துவிட்டு நின்றது.

"வீட்டுக்குப் போன புதுசுல கட்டியாகி வலிச்சிச்சா?"

"வலிச்சிச்சு மிஸ். உசுரு போச்சு."

"அப்ப பால் வந்திருக்கு. நல்லா வந்திருக்கு. பிறகு எப்புடிப் போச்சு?"

விதுஷா பாக்கியத்தைப் பார்த்தாள். பாக்கியம் பிள்ளையின் காலைத் துணியால் மூடினாள்.

"தானா போயிருச்சு மிஸ்" என்றாள் பாக்கியம்.

பயத்தில் சொன்னது அது. என்ன பயம் என்று அவளுக்கே அந்த நிமிஷம் தெரியவில்லை. மருந்தைச் சொன்னால் யார் சொல்லித் தந்தது என்று கேட்பார்கள்; அதைச் சொன்னால் எப்போது என்று கேட்பார்கள்; எப்போது என்பது, பச்சை உடம்புக்காரி படுத்திருக்கும் அறையில் உச்சரிக்கக் கூடாத விசயம்.

"தானா போகாதே" என்றார் றமீலா மிஸ். "சரி, ரெடியாகுங்க. பிள்ளைய இன்னைக்கே ஆஸ்பத்திரியில காட்டணும். நான் புள்ளக் காம்பராவுல ரெண்டு பேரப் பாத்துட்டு வாறேன்." வேலைக்குப் போகிற தாய்மாரின் பிள்ளைகளை விட்டுப்போகிற இடம் அது, ரோட்டு வளைவில் இருந்தது. அவர் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

பாக்கியம் அடுப்படிக்குப் போனாள். கூடையில், கடைசியாகக் கட்டி எடுத்த பூ வாடிக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வலி போனது, பால் போனது. அவளுக்கும் அப்படித்தான் போனது. பிள்ளை போனதால் பால் போனது என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். இங்கே பிள்ளை போகவில்லையே. இதோ கிடக்கிறானே.

போனை எடுத்துக் குவைத்துக்கு அடித்தாள். அங்கே காலை. பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம்.

"என்னடி இந்த நேரத்துல? புள்ள நல்லாருக்கானா?"

"அத்த, எனக்கு அன்னைக்கு மல்லியப்பூ கட்டுனீங்களே."

"என்னைக்கு?"

"அன்னைக்குத்தான் அத்த. எனக்கு... அப்ப."

பாத்திரச் சத்தம் நின்றது. "அதெல்லாம் ஏண்டி இப்பப் பேசுற? பச்ச ஒடம்புக்காரி வீட்டுல இருக்கா."

"எதுக்குக் கட்டுனீங்க?"

"எதுக்குக் கட்டுவாங்க? பால் வத்தத்தான். குடிக்கப் புள்ள இல்லாத மாருல பால் நின்னா ஒனக்குத்தானே கஷ்டம். எங்க பெரியம்மா சொல்லித் தந்தது."

"நீங்க வலி போறதுக்குன்னு சொன்னீங்க."

"அந்த நேரத்துல ஒங்கிட்டப் போயி பால வத்த வைக்கிறேன்னா சொல்லுவாங்க? வலி போச்சா இல்லியா?"

"போச்சு அத்த."

"அப்புறம் என்ன? மேடம் கூப்புடுறா. புள்ளைக்குத் தலைக்குத் துணி கட்டுங்க, பனி."

அன்னலட்சுமி போனை வைத்துவிட்டார். கடல் தாண்டிய நிர்வாகத்தில் இவ்வளவுதான் வசதி.

பாக்கியம் ஓடினாள். செருப்பு போடவில்லை. தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் இறங்கி ஓடினாள். புள்ளக் காம்பரா வாசலில் றமீலா மிஸ் ஸ்கூட்டியில் பையை மாட்டிக்கொண்டிருந்தார். பால் கொடுக்க மலையிலிருந்து வந்த பெண்களும், தன் கடைசிப் பிள்ளையைப் பார்க்க வந்த கனகமணியும் அங்கே நின்றார்கள். தனியாகப் பேசலாம் என்று பாக்கியத்துக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அதுவரை காத்திருக்க மூச்சு இருந்திருக்காது.

"மிஸ், நான் பொய் சொன்னேன். தானா போகல. நான்தான் பூ கட்டுனேன். மல்லியப்பூ. எனக்குப் புள்ள செத்தப்ப அத்த கட்டுனாங்க, எனக்கு வலி போச்சு, அதான் அவளுக்கும் கட்டுனேன். பால் போகும்னு எனக்குத் தெரியாது மிஸ். சத்தியமாத் தெரியாது. யாரும் எனக்குச் சொல்லல."

சட்டம் நட்டநடு ரோட்டில் உடைந்தது.

றமீலா மிஸ் பையை மாட்டி முடித்தார். பிறகு, "பூவ எடுத்துட்டியா?" என்று கேட்டார். "எடுத்துட்டேன்." "சரி. இனிக் கட்டாத. ஒவ்வொரு தடவையும் ரெண்டு பக்கமும் போட்டு உறிஞ்ச விடணும், பிறகு கையால பிழியணும். வந்தாலும் வரும். வராமலும் போகும். நான் பொய் சொல்ல மாட்டேன்." ஸ்கூட்டியை ஸ்டார்ட் பண்ணியவர், நிறுத்தினார். "நீ வந்து சொன்னது நல்லது" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம் லயத்துக்கு வந்து சேரவில்லை. மற்றதெல்லாம் பாக்கியத்துக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது.

தீர்ப்புக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. புள்ள இல்லாதவளுக்கு எரியாதா? பொறாமை. கூடவே இருந்து பாலைத் திருடிவிட்டாள். குழாயடியில் சிரித்தாளே, பார்த்தீர்களா? பூவைத் தினமும் பஸ்ஸில் சுமந்து வந்த தினேஸ் விசாரணையின்றி விடுதலை செய்யப்பட்டான். "நான்தான கொண்டுவந்தேன்" என்று அவன் ஒருமுறை இஸ்தோப்பில் நின்று சத்தமாகச் சொன்னான். "ஒனக்கு என்னப்பா தெரியும், நீ ஆம்பள" என்று சபை அவனை அன்போடு உட்கார வைத்தது.

ஆஸ்பத்திரியில் பிள்ளையைப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னார்கள். தாய்ப்பாலுக்கு மேல் பால்மாவைக் கரைத்துக் கோப்பையால் புகட்டச் சொல்லி அனுப்பினார்கள். விதுஷா வீட்டுக்கு வந்தாள். பாக்கியத்தைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பாக்கியத்துக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து பிள்ளையை மார்பில் போட்டாள். பாக்கியம் தண்ணீர் சுட வைத்தாள், கோப்பையைக் கொதிக்க வைத்தாள், பால் கரைத்துக் கதவு நிலையருகே வைத்துவிட்டுப் போனாள். உள்ளே வரச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

மலையிலும் ஏற்பாடுகள் மாறின. அவளுக்கு அடுத்த நிரையில் கொழுந்து எடுக்க வயிற்றுப் பிள்ளைக்காரிகள் மறுத்தார்கள். கங்காணி அவளை ஒதுக்குப்புறமான நிரையில் போட்டார். சமாதானத்தைக் காக்கும் பொருட்டு என்றார். ஞாயிற்றுக்கிழமை வந்த அழகர் விசயத்தைக் கேட்டார். தூங்கவில்லை. இஸ்தோப்பில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தார். "அன்னைக்கே அம்மா ஒங்கிட்ட வெவரமாச் சொல்லியிருக்கணும்" என்றார். அவர் பொதுவாகப் பேசுகிறவர் இல்லை. அந்த வருஷத்துக்கான பேச்சு அத்துடன் முடிந்தது.

விதுஷா விடவில்லை. அழுதுகொண்டே போட்டாள், அழாமலும் போட்டாள். பிழிந்தாள். தாகத்துக்குத் தண்ணீர் குடித்தாள். வயிறு போட்டுவிடும் என்று குழு எச்சரித்தபோது, "போட்டா போட்டும்" என்றாள். ஒருநாள் இடது பக்கம் ஈரமானது. மறுநாள் துளி துளியாக வந்தது. பிறகு கொஞ்சம் ஓடியது. வலது பக்கம் வரவேயில்லை.

முப்பதாம் நாள் தொடக்கு கழித்துப் பெயர் வைத்தார்கள். மதுரன். குவைத்தும் ஜோர்தானும் போனில் கலந்துகொண்டன. சம்பந்தியம்மாக்கள் இருவரும் கண்ணாடிக்குள்ளிருந்து அழுதார்கள். கனகமணி பிள்ளையை மடியில் வைத்துக் காதில் பெயரைச் சொன்னார். பாக்கியம் அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அவள் அங்கேயே இருப்பது எல்லோருக்கும் நல்லது என்று சொல்லாமல் சொல்லப்பட்டிருந்தது. மதுரன் என்று கூட்டம் சொன்னது அங்கே கேட்டது. அவளும் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

அதற்குச் சில நாள் கழித்து ஒரு பின்னேரம். மழை. மலையில் வேலை நேரத்தோடு நின்றுவிட்டது. பாக்கியம் பால் கரைத்த கோப்பையை நிலையருகே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"இருங்க" என்றாள் விதுஷா.

பாக்கியம் நின்றாள்.

"ஒக்காருங்க அக்கா. நிக்காதீங்க."

நிலையில் உட்கார்ந்தாள். பிள்ளை இடது பக்கம் குடித்துக்கொண்டிருந்தான். கூரைத் தகரத்தில் மழை விழுந்தது.

"எனக்கு ஒங்க மேல கோவம்தான்" என்றாள் விதுஷா. "இன்னும் போகல."

"சரி."

"போகும்னும் சொல்ல மாட்டேன்."

"சரிம்மா."

பிள்ளையின் முகத்தைப் பார்த்தபடி விதுஷா கேட்டாள்: "ஆம்பளப் புள்ளயா, பொட்டப் புள்ளயா?"

பாக்கியத்துக்கு முதலில் விளங்கவில்லை. அப்படி ஒரு கேள்வியை ஆறாம் லயத்தில் யாரும் அவளிடம் கேட்டதில்லை. விளங்கியபோது முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். எடுத்துவிட்டுச் சொன்னாள்.

"பொட்டப் புள்ள."

"யாரு மாதிரி?"

"எங்கம்மா மாதிரி. நெத்தி."

"பால் குடிச்சாளா?"

"ஒரு தடவ."

விதுஷா பிள்ளையின் தலையைச் சரிசெய்து பிடித்தாள்.

"நல்லாத்தான் குடிச்சா" என்றாள் பாக்கியம். "எனக்கு யாரும் காட்டித் தரல. அவளாவே புடிச்சா. வெரல இறுக்கிப் புடிச்சிக்கிட்டுக் குடிச்சா. இவ்வளவு நல்லாக் குடிக்கிறாளே, இவளுக்கு ஒன்னுமில்லன்னு நெனச்சேன்."

இடது பக்கம் தீர்ந்துபோய்ப் பிள்ளை சிணுங்கினான். விதுஷா அவனைத் தோளில் போட்டுத் தட்டினாள். மிஸ் சொன்னபடி வலது பக்கம் மாற்றிப் போட்டாள். அந்தப் பக்கம் வராது என்று இருவருக்கும் தெரியும். பிள்ளைக்கு மட்டும் தெரியாது. வாய் நிறையப் பிடித்துக்கொண்டு அவன் உறிஞ்ச ஆரம்பித்தான்.